சுற்றுச்சுவருக்கு வெளியே: கல்லூரி மாணவரின் அறையும் புகையும்

உயர்கல்வியில் தமிழ்நாட்டின் பெருமையைச் சொல்ல ஓர் எண் போதும். 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4 சதவீதம். ஏறத்தாழ 33 லட்சம் பேர் படிக்கிறார்கள். பட்டமளிப்பு விழாவிலிருந்து பட்ஜெட் உரைவரை இந்த எண் ஒலிக்கிறது. இத்தனை பேர் இரவில் எங்கே படுக்கிறார்கள், வகுப்பு முடிந்து தூங்கப்போகும்வரையிலான ஐந்தாறு மணி நேரத்தை எங்கே கழிக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கலந்தாய்வு நாட்களில் சீட் கணக்கு தினசரி வெளியாகும். கட்டில் கணக்கு பேச்சில்கூட வருவதில்லை.

மாணவர்களின் தங்குமிடமும் புகைப்பழக்கமும் இதுவரை இரண்டு வெவ்வேறு விவகாரங்களாகவே பார்க்கப்பட்டுள்ளன. முதலாவது வாடகைச் சந்தையின் விஷயம். அடுத்தது ஒழுக்கத்தின் விஷயம், மிஞ்சினால் சுகாதாரத் துறையின் விஷயம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வேர்விட்டிருக்கின்றன. கல்லூரியின் பொறுப்பு சுற்றுச்சுவரோடு முடிகிறது. பெற்றோரின் கண்காணிப்பு சொந்த ஊர் எல்லையோடு முடிகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்தில்தான் மாணவரின் அறையும் இருக்கிறது, அவர் நிற்கும் பெட்டிக்கடையும் இருக்கிறது.

கட்டில் கிடைக்கும் வழிகள்

வெளியூரிலிருந்து வரும் ஒருவருக்கு நான்கு வழிகள் உண்டு: கல்லூரியின் சொந்த ஹாஸ்டல், அரசு நல விடுதி, மேன்சன் அல்லது பி.ஜி. எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதி, கூட்டாளிகளோடு எடுக்கும் வாடகை வீடு.

இவற்றில் அரசு நல விடுதிகளின் பங்களிப்பு பெரிது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகளின் விடுதிகள் இல்லாவிட்டால், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வந்தவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருப்பார்கள். 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது. கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நாளொன்றுக்கு 50 ரூபாய்; அதற்குள் மூன்று வேளை. டீயும் இரண்டு வடையும் 30 ரூபாயைத் தொடும் நகரத்தில் இந்தத் தொகைக்கு என்ன சமைக்க முடியும் என்பதை விடுதிச் சாம்பாரே சொல்லிவிடும். பசி அடங்காத பிள்ளைகள் ராத்திரி வெளியே கிளம்புவது ஊர் சுற்றும் ஆசையால் மட்டுமல்ல.

திருவல்லிக்கேணி மேன்சன்கள் தமிழ் சினிமாவால் ஊரறிந்தவை. வேலை தேடி வந்த பிரம்மச்சாரிகளுக்காக எழுந்த அந்தக் கட்டடங்களில் இப்போது போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் மாணவர்களும் நிறைந்திருக்கிறார்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் இடம், தாழ்வாரம் நெடுக ஈரத்துணிக் கொடி, மாடிக்கு இரண்டு மூன்று பொதுக் குளியலறைகள், காலை ஏழு மணிக்கு அவற்றின் வாசலில் வாளி வரிசை. சாப்பாட்டுக்குத் தெருமுனை மெஸ்.

புறநகரின் பொறியியல் கல்லூரிகளைச் சுற்றி மேன்சனின் இடத்தைப் பி.ஜி. பிடித்துவிட்டது. கரண்ட் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ் ‘ஹோம்லி ஃபுட், வைஃபை, வாஷிங்மெஷின்’ என்று அழைக்கும். போய்ப் பார்த்தால் ஒரு ஹாலை பிளைவுட் வைத்துத் தடுத்து மூன்று அறை ஆக்கியிருப்பார்கள். நான்கு பேருக்கு இரண்டு பிளக் பாயிண்ட். லேப்டாப்புக்கா செல்போனுக்கா என்று தினமும் பஞ்சாயத்து. இதற்கே சென்னையில் சாப்பாட்டோடு ஐந்தாறாயிரத்துக்குக் குறைந்து இடம் கிடைப்பது அரிது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வருவோருக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல உதவிதான், என்றாலும் ஒரு கட்டிலின் ஐந்தில் ஒரு பங்குக்கே அது காணும்.

வாடகை வீடு தேடிப் போனால் சோதனை வேறு வகை. கேட்டைப் பாதி திறந்தபடி வீட்டுக்காரம்மா நிற்பார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“தென்காசி பக்கம், ஆன்ட்டி.”

“அப்பா என்ன பண்றாரு?... எத்தனை பேரு தங்கப் போறீங்க?... கவுச்சி சமைக்கக் கூடாதுப்பா, பூஜை ரூம் மேலயே இருக்கு... பிரெண்ட்ஸுங்க வந்து தங்கறது, கூத்தடிக்கறது எல்லாம் ஆகாது. பத்து மணிக்கு கேட்டு பூட்டிருவோம்... ஆமா, நீங்க என்ன ஆளுங்க?”

கடைசிக் கேள்வி எல்லா இடத்திலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. ஊர், தெரு, அப்பா பெயர், கவுச்சி என்று சுற்றி வளைத்துப் பதிலைக் கறந்துவிடுவார்கள். “வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க தம்பி” என்ற பதிலோடு திரும்பும் மாணவருக்குக் காரணம் தெரியும். நிரூபிக்க வழி கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்கிறது அது. சென்னையின் பழைய வழக்கமோ பத்து மாத அட்வான்ஸ். நான்கு மாணவர்கள் வாய்ப்பேச்சில் குடியேறும் மாடி போர்ஷனுக்கு ஒப்பந்தமும் கிடையாது, பதிவும் கிடையாது. ஆகவே காலி செய்யும் நாளில் ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டாலும் கேட்பதற்கு இடமில்லை. கரண்ட் பில்லும் இப்படித்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அரசு தரும் சலுகை. மாடியில் சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை கீழ்வீட்டோடு நின்றுவிடுகிறது.

மாணவர் தங்குமிடம் வீடா, வணிகமா என்பதிலேயே அரசுக்குக் குழப்பம் இருந்ததை ஜிஎஸ்டி விவகாரம் காட்டியது. தனியார் விடுதிகள் ‘குடியிருப்பு’ ஆகா, 12 சதவீத வரி உண்டு என்று 2023இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. பெண்கள் விடுதிகள் தொடர்பான வழக்கில் 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு நேர்மாறாக, தங்குபவர் அந்த இடத்தை வீடாகத்தான் பயன்படுத்துகிறார், ஆகவே விலக்கு பொருந்தும் என்றது. அந்த ஆண்டு ஜூனில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாட்களாவது தங்குவோருக்கு வரி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வரி விஷயத்தில் தீர்வு வந்தது. அறையில் ஆளுக்கு எத்தனை சதுர அடி, எத்தனை பேருக்கு ஒரு கழிவறை, தீ பிடித்தால் எந்த வழியே இறங்குவது என்ற கேள்விகளுக்கு அந்தச் சுறுசுறுப்பு வாய்க்கவில்லை.

மாணவர் கையில் கணக்கு

கல்லூரி ஹாஸ்டல்களிலும் குறை உண்டு. ஆனாலும் அங்கே மாணவருக்கு ஒரு குரல் உண்டு. பல ஹாஸ்டல் மெஸ்களில் ‘டிவைடிங் சிஸ்டம்’ நடக்கிறது. மாதச் செலவு முழுவதையும் கூட்டி, சாப்பிட்ட ஆட்களின் நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, 200 பேர் இருக்கும் ஹாஸ்டலில் மாதச் செலவு 6 லட்சம் ரூபாய், ஊருக்குப் போனவர்களின் நாட்களைக் கழித்து எஞ்சியவை 5,000 ஆள்நாள் என்றால், ஒரு நாளைக்கு 120 ரூபாய். முப்பது நாளும் இருந்தவருக்கு 3,600.

இதில் மாணவர் பிரதிநிதிகள் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி எடுக்கிறார்கள், மளிகை பில்லைச் சரிபார்க்கிறார்கள், எண்ணெய் ஏன் இரண்டு டின் கூடுதல் என்று சமையல்காரரிடம் சண்டை போடுகிறார்கள். ஆனால் பாதிப்பேர் ஊருக்குப் போகும் பொங்கல் மாதத்திலும் சமையல்காரரின் சம்பளம் குறையாது. அந்தச் சுமை எஞ்சியிருப்பவர்களின் தலையில் ஏறும். எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவுக்குப் பணமில்லாதவர்கள், தொலைதூரத்து மாணவர்கள். இந்த அநியாயம் பில்லில் எழுதியிருப்பதால் ஹாஸ்டலில் அதைப் பற்றி விவாதிக்க முடிகிறது. பி.ஜி.யில் பில்லும் இல்லை, விவாதமும் இல்லை. “பிடிச்சா இருங்க, இல்லன்னா ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டுப் போங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நூறு கஜத்தின் கதை

நண்பர்கள் வரக்கூடாத, உட்கார்ந்து பேச இடமில்லாத அறையிலிருந்து மாலை ஆறு மணிக்கு ஒரு மாணவர் எங்கே போவார்? லைப்ரரி மூடியிருக்கும். வகுப்பு முடிந்த பிறகு பல கல்லூரிகள் வளாகத்தில் யாரையும் விட்டுவைப்பதில்லை. “கெளம்பு கெளம்பு” என்று செக்யூரிட்டி விசில் ஊதிவிடுவார். மிச்சம் இருப்பது டீக்கடையும் அதை ஒட்டிய பெட்டிக்கடையும். ஒரு டீக்கு ஒரு மணி நேரம் பெஞ்சில் இடம் தரும் வேறு நிறுவனம் ஊரில் கிடையாது.

அந்தக் கடையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். கண்ணாடி பாட்டிலில் கடலை மிட்டாய், சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட், கல்லாவின் வலதுபுறம் கைக்கு எட்டும் உயரத்தில் பிரித்து வைத்த சிகரெட் பெட்டிகள். கம்பியில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர். யாரும் பாக்கெட் கேட்பதில்லை; “அண்ணே, ஒண்ணு” என்றால் போதும், பிராண்ட் அண்ணனுக்குத் தெரியும். காசில்லாத மாதக் கடைசிக்கு நீளமான ஒரு நோட்டு. ஹால்ஸ் மிட்டாயும் பக்கத்திலேயே இருக்கும், வாசனையை மறைத்துக்கொண்டு அறைக்குத் திரும்ப.

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு கஜ தூரத்துக்குள் இவற்றை விற்கக் கூடாது என்கிறது. வளாக எல்லையின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், மீட்டரில் 91.44. வளாகத்துக்குள் புகைப்பதற்கும் தடை. பொது இடத் தடைக்கான விதிகள், அன்புமணி ராமதாஸ் மத்தியச் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் இறுக்கப்பட்டன. நூறு கஜத்தை மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று 2019இல் சுகாதார அமைச்சகம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதலும் கொடுத்தது. மீறினால் அபராதம் 200 ரூபாய்வரை. 2003இல் எழுதிய தொகை இன்றும் அதுவே. அதை 2,000 ஆக்கவும், வயது வரம்பை 18இலிருந்து 21 ஆக உயர்த்தவும், சில்லறை விற்பனையைத் தடுக்கவும் 2020இல் ஒரு வரைவு மசோதா தயாரானது, சட்டமாகவில்லை.

சில்லறை விற்பனை இங்கே முக்கியமான கண்ணி. 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். ஒற்றை சிகரெட் வாங்குகிற மாணவர் அந்தப் பெட்டியைக் கையில் தொடுவதே இல்லை. படம் கடைக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாக்கெட்டாக வாங்க 150, 200 ரூபாய் ஒரேயடியாக எடுக்க வேண்டியிருந்தால் பதினெட்டு வயதுக்காரர் தயங்குவார். ஒன்று என்றால் டீ செலவோடு செலவு. மகாராஷ்டிரம் இதை உணர்ந்து 2020இல் உதிரி விற்பனைக்குத் தடை போட்டது.

பழக்கம் தொடங்கும் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் புகையிலைப் பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9. அதாவது, கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகள். வயதுவந்தோரில் புகையிலை பயன்படுத்துவோர் நாட்டில் 28.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதம் என்று அதே ஆய்வு சொல்கிறது. நாட்டைவிட நிலைமை மேல்தான். ஆனால் வரப்போகும் இருபது சதவீதத்தின் பெரும்பகுதி முடிவாகும் இடங்களில் ஒன்று இந்தக் கடைவாசல்.

முதல் சிகரெட்டை யாரும் தனியாகக் காசு கொடுத்து வாங்குவதில்லை. “ஒரு பஃப் இழுத்துப் பாரு மச்சி” என்று நீட்டப்படுவதுதான் அது. புது ஊரில், பேச்சுமொழியே கேலியாகும் சூழலில், ஒரு வட்டத்துக்குள் நிற்க அனுமதிக்கும் கட்டணமாக அது அமைகிறது. உள்ளிழுத்த நிகோடின் பத்து இருபது விநாடிக்குள் மூளையை எட்டிவிடும். நட்புக்காகத் தொடங்கியது, சில மாதங்களில் நட்பு இல்லாமலும் தேவைப்படத் தொடங்கும். முதலாண்டு மாணவர்களில் பலருக்குச் சேரும்போது பதினேழு வயதுதான். சட்டப்படி அவர்கள் சிறார். சிறாருக்குப் புகையிலை கொடுப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஐடி கார்டு கழுத்தில் தொங்கினால் பெரியவர் என்று கடையும் கருதுகிறது, கல்லூரியும் கருதுகிறது.

எல்லாப் பழியையும் அறையின் மீது போட முடியாது என்று சொல்லலாம். நல்ல ஹாஸ்டலிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிகரெட் துண்டுகள் கிடக்கும். சீனியர்களிடம் பழகியவர்கள் எத்தனையோ பேர். உண்மைதான். வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருபவர்களும் புகைக்கிறார்கள். இடநெருக்கடி யாருக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை. பழக்கம் கற்றுத்தரும் இடத்தைத் தவிர மற்ற இடங்களையெல்லாம் அது மூடிவிடுகிறது. புகைக்க விருப்பமே இல்லாதவரும் தினமும் இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

வளாகத்துக்குள் கெடுபிடி கூடும்போது பழக்கம் உருமாறுகிறது. புகை வந்தால்தானே பிடிபட வேண்டும்? உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் பொட்டலங்கள் வகுப்பறைவரை வந்துவிட்டன. குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்க, ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடமும் பரவியிருப்பதை 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலையோடு விசாரித்தது. மின்சிகரெட்டை 2019இல் மத்திய அரசு அடியோடு தடை செய்தது; பையில் பேனா போல அது கிடந்தால் எந்த செக்யூரிட்டி கண்டுபிடிப்பார்?

கல்லூரிகளின் தண்டனை முறையும் விந்தையானது. வளாகத்துக்குள் புகைப்பவரிடம் 200 ரூபாய் வசூலிக்கும் அதிகாரத்தைச் சட்டம் கல்லூரி முதல்வருக்கே தந்திருக்கிறது. ரசீது எழுதும் கல்லூரி அபூர்வம். “பேரன்ட்ஸக் கூட்டிட்டு வா” என்பதே வழக்கமான தீர்ப்பு. ராத்திரி பஸ் ஏறி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் தகப்பனார் டிபார்ட்மென்ட் வாசலில் கைகட்டி நிற்பார். பழக்கத்தை விடுவதற்கு உதவி என்ற பேச்சே அங்கே எழாது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் கட்டணமில்லாதது. கேண்டீன் சுவரில் அதை எழுதிவைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

பூட்டிய கேட்டுக்குள் மாணவியர்

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஆண்களின் தெரு. மாணவியருக்கு எதிர்த்திசைச் சிக்கல். ஆறரைக்கு அட்டெண்டன்ஸ், அவுட்டிங் பாஸ், அதில் அப்பாவின் கையெழுத்து, வார்டனின் போன் விசாரணை. லைப்ரரி ஒன்பது மணிவரை திறந்திருந்தாலும் அவர்களுக்கு அது ஆறு மணி லைப்ரரிதான். மாணவியர் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளை விடுதியில் விதிக்கக் கூடாது என்று யூஜிசியின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. அதே வேளையில் ஆண் மாணவர்களையும் ஆறு மணிக்கு அடைப்பது பதிலாகாது. ஒரு பாலருக்குப் பூட்டு, மற்றவருக்குப் பெட்டிக்கடை என்ற இரண்டுக்கும் வெளியே, வெளிச்சமும் நாற்காலியும் உள்ள பொது இடம் இருபாலருக்கும் வேண்டும்.

பீடி சுற்றும் கையும் கல்லூரிக் கட்டணமும்

புகையிலைக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் இன்னொரு உறவும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. ஆலங்குளம், கடையம், முக்கூடல் வட்டாரங்களில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களின் கூலியில் படித்துப் பட்டம் வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் வழியே அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்துவந்திருக்கிறது. நிதிக்கு ஆதாரமான பீடி மேல்வரி 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. அம்மா புகையிலைத் தூசியை மூச்சில் வாங்கிக் கட்டிய ஃபீஸில் மகன் படிக்கிறான். கல்லூரி வாசலில் அதே புகையிலையைக் காசு கொடுத்து வாங்குகிறான். புகையிலைக் கட்டுப்பாட்டைப் பேசுகிறவர்கள் அந்தத் தாய்க்கு மாற்றுத் தொழில் என்ன என்பதையும் சேர்த்துப் பேசக் கடமைப்பட்டவர்கள்.

சட்டம் சுவர் தாண்டிய நாட்கள்

கல்லூரிக்கு வெளியே நடப்பதற்குக் கல்லூரி என்ன செய்யும் என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. ஆனால் சட்டம் முன்பே சுவர் தாண்டியிருக்கிறது. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்டார். அடுத்து வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ராகிங் கூடாது என்று எழுதியது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதிச் சிறுமிகள் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். அந்த ஆண்டே பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கலெக்டரின் உரிமம் கட்டாயமானது. ஆண் மாணவர்கள் தங்கும் பி.ஜி.க்களும் மேன்சன்களும் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இல்லை. அங்கே அரசு நுழைவது வேறு கோலத்தில்: 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைக்கு அருகே பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான போலீசார் போதைப்பொருள் சோதனைக்காக விடியற்காலையில் இறங்கினார்கள்.

ஒரு கொலையோ கொடுமையோ ஊரை உலுக்கினால்தான் சட்டம் சுவர் ஏறிக் குதிக்கிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. நெரிசலான அறையும் ஒற்றை சிகரெட்டும் அப்படித் தலைப்புச் செய்தி ஆகாதவை. பத்தொன்பது வயதில் தொடங்கிய பழக்கம் ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடிக்கும்போது எந்தக் கல்லூரியின் பெயரும் அதோடு சேராது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 2014 சட்டத்தின் உரிம முறையை மாணவர் தங்கும் எல்லாத் தனியார் விடுதிகளுக்கும் விரிவாக்கி, இடம், கழிவறை, தீத்தடுப்பு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கலாம். ஒவ்வொரு கல்லூரியும் சுற்றுவட்டார விடுதிகளின் பட்டியலையும் மாதிரி வாடகை ஒப்பந்தத்தையும் அட்மிஷன் பாரத்தோடு கொடுக்கலாம். ஒற்றை சிகரெட் விற்பனையை மகாராஷ்டிரம் போல மாநில அரசே நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வகுப்பறைகளையும் லைப்ரரியையும் இரவு ஒன்பதரைவரை திறந்துவைக்கலாம். அதற்கு இரண்டு டியூப்லைட்டும் ஒரு கூடுதல் செக்யூரிட்டியும் போதும். உயர்கல்வித் துறையின் ஆய்வுக் குழுக்கள் கல்லூரிக்கு வரும்போது எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை, எத்தனை வேலைவாய்ப்பு என்று கேட்கின்றன. சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குக் கட்டில் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல் எத்தனை பேருக்கு உட்கார இடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அந்தப் படிவத்தில் சேர்த்தால், 47 என்ற எண்ணுக்குப் பின்னால் உள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் சொல்லும் பொறுப்பு கல்லூரிக்கு வரும்.